எந்த வழியாகப் போகிறீர்கள்?

கனடாவுக்குள் கஞ்சாவோடு பயணம் செய்ய நினைக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிராம் கொண்டுபோகலாம்?" என்பதுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். கிராம் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது வழி. ரொறன்ரோவிலிருந்து நேரே வன்கூவருக்குப் பறந்தால் கைப்பையில் இருக்கும் கஞ்சா எண்ணெய்ப் புட்டியைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. மலிவான டிக்கெட் என்று அமெரிக்காவின் சியாட்டிலில் விமானம் மாறிப் போனால், அதே புட்டி நாடு கடந்து கடத்தப்பட்ட போதைப்பொருள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். நீண்ட காலம் கிடங்கு வேலை. பாரம் தூக்கித் தூக்கி முதுகெலும்பின் வட்டு விலகி, சத்திரசிகிச்சையும் நடந்தது. அதற்குப் பிறகு இடது காலில் நரம்பு வலி தங்கிவிட்டது. பகலில் சமாளித்துவிடலாம், இரவில் முடியாது. வலி மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்தன. வேறு சில மாத்திரைகளைத் தின்றால் மறுநாள் மத்தியானம் வரை தலை நிமிராது. கடைசியில் என் வைத்தியர்தான் கஞ்சா எண்ணெயை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் எழுதித் தந்த பத்திரத்தை வைத்து, அரசு உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவரிடம் பதிவுசெய்துகொண்டேன். மருத்துவக் கஞ்சாவைச் சாதாரண மருந்துக்கடைக்குப் போய் வாங்க முடியாது. தபாலில் வீட்டுக்கு வரும். புட்டியின் மேல் என் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுத்தான் பயணத்தில் என்னுடைய முதல் ஆவணம்.

ஊரில் வளர்ந்தவன் நான். கஞ்சா என்றால் எங்கள் தலைமுறைக்கு இரண்டே படங்கள்: சாமியார், பொலிஸ். முதல் புட்டி வீட்டுக்கு வந்தபோது மனைவி அதை சுவாமிப் படம் இல்லாத அறையில் வைக்கச் சொன்னாள். இப்போது எனக்குத் தூக்கம் வராத இரவில் அவளே எழுந்து போய் எடுத்துத் தருகிறாள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் பழகிப்போன பொருளுக்கு நாம் பயப்பட மறந்துவிடுகிறோம். பயணத்தில் அந்தப் பயம் கொஞ்சம் தேவைப்படுகிறது.

முதலில் அந்தக் கிராம் கணக்கை முடித்துவிடுகிறேன். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயது வந்த ஒருவர் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவோ அதற்குச் சமமான வேறு பொருளோ வைத்திருக்கலாம். சமம் என்பதற்குச் சட்டத்திலேயே அட்டவணை உண்டு. 1 கிராம் உலர்ந்த பூவுக்கு 5 கிராம் பச்சைக் கஞ்சா, 15 கிராம் உண்ணும் பண்டம், கால் கிராம் செறிவுப் பொருள், ஒரு விதை. ஆகவே ஜெலி மிட்டாய் என்றால் 450 கிராம் வரை போகும். கெட்டியான செறிவுப் பொருள் என்றால் ஏழரைக் கிராமில் நின்றுவிடும். எண்ணெய், குளிர்பானம் போன்றவற்றுக்குக் கணக்கு இன்னும் தாராளம். வைத்தியரின் அனுமதி உள்ளவர்களுக்குத் தனி எல்லை: 30 நாள் தேவை அல்லது 150 கிராம் உலர்ந்த கஞ்சா, இவற்றில் எது குறைவோ அது. என்னைப் போல எண்ணெய் குடிப்பவர்கள் இந்த எல்லைகளின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

அளவைவிட உறைதான் முக்கியம் என்பேன். சட்டபூர்வமாக விற்ற பொருளின் உறையில் அரசின் தீர்வை முத்திரை இருக்கும், மஞ்சள் எச்சரிக்கைக் கட்டம் இருக்கும், போதை தரும் வேதிப்பொருளான ரி.எச்.சி. சேர்ந்த பொருளென்றால் இலை வரைந்த சிவப்பு எண்கோணக் குறியும் இருக்கும். அதைப் பிரித்து ஒரு சின்ன டப்பாவில் கொட்டிக்கொண்டு போகிறவர்கள் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான இடத்தில் வாங்கியது என்று தெரிந்தே வைத்திருந்தால், 30 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் குற்றம்தான். உறை கையில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

வன்கூவரில் என் மகள் படிக்கிறாள். அங்கே போகத் தொடங்கியபோதுதான் விமானப் பயணத்தைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொண்டேன். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைச் சோதிப்பவர்கள் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆட்கள். அவர்கள் தேடுவது ஆயுதமும் வெடிபொருளும். உள்நாட்டு விமானத்தில் 30 கிராம் வரை கைப்பையிலும் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டும் அனுப்பலாம். அளவு மீறியிருப்பதாகத் தோன்றினால் அவர்களே முடிவெடுக்கமாட்டார்கள், பொலிஸைக் கூப்பிடுவார்கள். எண்ணெய் திரவம் என்பதால் 100 மில்லிலீற்றர் விதி அதற்கும் உண்டு. என் புட்டி 30 மில்லிலீற்றர். பற்பசை, முகச்சவர நுரை எல்லாவற்றோடும் ஒரே கண்ணாடிப் பையில் போட்டுவிடுவேன். முதல் முறை நெஞ்சு படபடக்க நின்றேன். பரிசோதித்த பெண்மணி புட்டியைப் பார்த்தார், வைத்தார், என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அவ்வளவுதான். நான் மடித்துக் கொண்டுபோன வைத்தியர் பத்திரம் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஆனாலும் அதை இல்லாமல் நான் புறப்படுவதில்லை. பெரிய புட்டியோ 30 கிராமுக்கு மேற்பட்ட அளவோ கொண்டுபோகிறவர்கள் அதைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

கஞ்சாவைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் நீராவிப் பேனா பாவிப்பவர்கள் அதைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக்கூடாது. உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்துக்குள் அதைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஒரு முறை எனக்கு முன் வரிசையில் இருந்த இளைஞன் கழிப்பறைக்குள் போய் அதைச் செய்துவிட்டு வந்தான். பணிப்பெண் அவனிடம் பேசிய தோரணையைப் பார்த்த பிறகு, இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தோன்றுகிறது.

உண்ணும் பண்டங்களில் வேறொரு வில்லங்கம். கனடாவில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் ரி.எச்.சி.க்கு மேல் விற்க முடியாது. அளவு சிறியதுதான். ஆனால் தின்று அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, உச்சத்துக்கு வர நான்கு மணி நேரம்வரை ஆகலாம். வன்கூவர் விமானம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். விமானம் ஏறும் வாசலில் நின்று ஒன்றைத் தின்று, ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றையும் தின்றால், இரண்டும் சேர்ந்து நடுவழியில் மனிரோபா மாகாணத்துக்கு மேலே பிடிக்கும். இறங்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. புதிதாக எதையும் முயல விமானம் ஏற்ற இடம் இல்லை. எனக்கு எத்தனை துளி போதும், எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதெல்லாம் வீட்டுக் கட்டிலில் கிடந்து படித்த பாடம்.

இனி வழிக்கு வருகிறேன். ரொறன்ரோ–வன்கூவர் டிக்கெட் தேடினால் சிக்காகோ, சியாட்டில் வழியாகப் போகும் டிக்கெட்டுகளும் வந்து நிற்கும். சில நாள் அவை மலிவாகவும் இருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் விமானமென்றால் அமெரிக்க சுங்க, குடிவரவுச் சோதனை பியர்சனுக்குள்ளேயே நடக்கும். "நான் இன்னும் கனடாவில்தானே நிற்கிறேன்" என்று அந்த மேசைக்கு முன்னால் நின்று வாதாடிப் பயனில்லை. உள்நாட்டு விமானமே காலநிலை காரணமாகவோ யாருக்காவது உடல்நலம் கெட்டோ அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கக்கூடும். அப்படி நேர்ந்தால் வரும் விளைவுக்குப் பயணியே பொறுப்பு என்று விமான நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. இது அபூர்வம். அதற்குப் பயந்து மருந்தை விட்டுவிட்டுப் போக எனக்கு முடியாது. ஆனால் பொழுதுபோக்குக்காக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், இறங்கிய ஊரில் வாங்குங்கள். எல்லா மாகாணத்திலும் உரிமக் கடைகள் இருக்கின்றன. வாங்க வயதுச் சான்று இருந்தால் போதும், அந்த மாகாணத்தில் வசிப்பவராக இருக்கவேண்டியதில்லை.

வின்னிபெக் பயணம்தான் எனக்கு வழியின் முழுப் பாடத்தையும் கற்றுத் தந்தது. மனைவியின் தம்பி அங்கே வீடு வாங்கினான். பால் காய்ச்சக் கூப்பிட்டான், காரிலேயே போவோம் என்று தீர்மானித்தோம். ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக்கிற்கு இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். கனடாவுக்குள்ளேயே போவதென்றால் சட்பரி, சூ செயின்ட் மேரி, வாவா, மரத்தன், தண்டர் பே, கெனோரா என்று சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போகவேண்டும். பெரும்பகுதி இருவழிச் சாலை. முன்னால் ஒரு லொறி ஊர்ந்தால் பின்னால் அரை மாகாணமே ஊரும். இதனால் பலர் சூ செயின்ட் மேரியில் பாலத்தைக் கடந்து மிச்சிகனுக்குள் இறங்கி, டுலூத் வழியாகச் சுற்றிப்போகிறார்கள். பெற்றோல் மலிவு, சாலையும் மேல் என்பார்கள். வழிகாட்டிச் செயலியும் அந்த வழியைத் தயங்காமல் காட்டும்.

மச்சான் தொலைபேசியில், "அத்தான், அமெரிக்காப் பக்கத்தால் வாங்கோ, சுகமான ஓட்டம்" என்றான். என் பையில் இருந்த புட்டி அதற்கு இடம்கொடுக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பாலத்தின் இந்தக் கரையிலும் கஞ்சா சட்டபூர்வம், அந்தக் கரையிலும் சட்டபூர்வம். மிச்சிகன் மக்கள் 2018இல் வாக்களித்து அனுமதித்தார்கள். மின்னசோட்டா 2023இல் அனுமதித்தது. நயாகராவுக்கு அந்தப் பக்கம் நியூயோர்க் 2021இல், வன்கூவருக்குக் கீழே வொஷிங்டன் மாநிலம் 2012இலேயே. இந்த மாநிலங்களை ஒட்டிய எல்லையில் இரு பக்கமும் கடை திறந்திருக்கிறது. நடுவிலுள்ள பாலத்தில்தான் அது குற்றம். எல்லையில் செல்லுபடியாவது அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம். அது மாநிலங்களின் வாக்கெடுப்பைப் பார்ப்பதில்லை. கனடாவின் சட்டமும் அதே அளவு கறார். எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மருத்துவப் பத்திரம் இருந்தாலும், கஞ்சாவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் குற்றம். உச்ச தண்டனை 14 ஆண்டுச் சிறை.

ஆகவே வடகரை. இரண்டு இரவு தங்கிப் போனோம். நான் ஓட்டவில்லை, முழுத் தூரத்தையும் மனைவியும் மகனுமே மாறி மாறி ஓட்டினார்கள். நான் இரவில்தான் எண்ணெய் எடுக்கிறேன், காலையில் தலை தெளிவாகவே இருக்கும். ஆனால் கனடாவின் குற்றவியல் சட்டம் தலையைக் கேட்பதில்லை, இரத்தத்தைக் கேட்கிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நனோகிராம் ரி.எச்.சி. இருந்தாலே குற்றம், 5 நனோகிராமைத் தொட்டால் பெரிய குற்றம். மதுவும் சேர்ந்திருந்தால் அளவு இன்னும் மாறும். தினமும் எடுப்பவர்களின் இரத்தத்தில் அது எளிதில் முழுதாக மறைவதில்லை. வைத்தியரின் பத்திரம் இந்த எண்ணுக்கு முன் செல்லாது. பயணத் துணையில் ஓட்டக்கூடியவர் யாரும் இல்லையென்றால் நான் பஸ்ஸில் போவேன், அல்லது போகமாட்டேன்.

காருக்குள் புட்டி எங்கே இருக்கவேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உறை பிரிக்காமல் இருக்கவேண்டும். பிரித்ததென்றால் இறுக மூடிய பைக்குள், அல்லது காரில் இருக்கும் எவர் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். கதவுப் பைக்குள், இருக்கைகளுக்கு நடுவில் என்று வைத்தால் குடிக்காமல் இருந்தாலும் அபராதம். அந்த விதியை மீறியிருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், பிடியாணை இல்லாமலேயே பொலிஸ் காரைச் சோதிக்கலாம். வின்னிபெக் இருக்கும் மனிரோபாவும் கைக்கெட்டாத இடத்தையே கேட்கிறது. நாங்கள் பின்பெட்டியில், உடுப்புச் சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டினோம். வாவாவுக்கு அப்பால் ஓரிடத்தில் பொலிஸ் மறித்தார்கள். முன்னால் மூஸ் மானொன்று அடிபட்டுக் கிடக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்லத்தான். காரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லப் பதில் இருந்தது.

அந்த வழியில் எனக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது. சுப்பீரியர் ஏரியை அந்தக் கரையிலிருந்து பார்த்தவர்கள், டுலூத் பக்கமாகப் போனவர்களிடம் பெற்றோல் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கியூபெக் மாகாணத்தின் மொன்றியல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கல்யாணம், அந்தியேட்டி, கோவில் திருவிழா என்று போய்க்கொண்டே இருப்போம். எல்லை கிடையாது, சோதனையும் கிடையாது, ஒரு மாகாணம் முடிந்து இன்னொன்று தொடங்குவதுகூடத் தெரியாது. ஆனால் வயது மாறிவிடும். ஒன்ராறியோவில் 19, கியூபெக்கில் 2020 ஜனவரி முதல் 21. அல்பேட்டாவில் 18. ஒரு கல்யாணத்துக்கு எங்கள் காரில் வந்த அக்காவின் மகனுக்கு அப்போது 20 வயது. ஸ்காபரோவில் கடையில் நின்று அடையாள அட்டையைக் காட்டி வாங்கிய பொருள், மாகாண எல்லையைத் தாண்டியதும் அவன் கையில் இருக்கவே கூடாததாகிவிட்டது. காரில் ஏறுவதற்கு முன்னரே அவனிடம் கேட்டேன். முகம் சுருங்கினாலும் வீட்டுக்குள் போய் வைத்துவிட்டு வந்தான். எனக்கு வயது பிரச்சினை இல்லை. ஆனால் கியூபெக்கில் பொது இடங்களில் புகைப்பதற்குக் கடுமையான தடை உண்டு. புகைப்பவர்கள் ஒன்ராறியோப் பழக்கத்தில் தெருவோரம் நின்று பற்றவைத்தால் அங்கே அபராதச் சீட்டு வரும்.

அல்பேட்டாவின் கல்கரியில் வயது குறைவு என்பதால் எல்லாம் இலகு என்று நினைக்கவேண்டாம். அந்த நகரத்தின் துணைச்சட்டம் பொது இடத்தில் புகைப்பதை மட்டுமல்லாமல் தின்பதையும் தடுக்கிறது. மலை பார்க்க பான்ஃபுக்குப் போனால் அந்த ஊருக்குத் தனிச் சட்டம். தங்கப்போகும் விடுதி புகைக்க விடுமா என்பதை அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது; பெரும்பாலும் விடாது, மீறினால் சுத்தம் செய்யும் கட்டணம் அறை வாடகையைத் தாண்டலாம். எண்ணெய் எடுப்பவனுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. வலிக்காக எடுப்பவர்கள் புகையிலிருந்து எண்ணெய்க்கு மாறினால் பயணம் பாதி இலகுவாகிவிடும் என்பது என் எண்ணம்.

நயாகராவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் அங்கேதான் கூட்டிப்போகிறோம். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே ரெயின்போ பாலம். வாகன நெரிசலில் ஒரு ஒழுங்கை மாறிப் பிடித்தால் பாலத்தில் ஏறிவிடுவீர்கள், ஏறினால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணருக்கு இது நடந்தது. வழிகாட்டிச் செயலி சொன்ன பக்கம் திருப்பினார், அடுத்த நிமிடம் அமெரிக்க அதிகாரியின் சாளரம். காரில் கஞ்சாப் பொதி இருந்தது. அதிகாரி கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். பொதியைப் பறித்தார்கள், பல மணி நேரம் இருத்தி வைத்தார்கள், அபராதம் கட்டினார். அதைவிடப் பெரிய நட்டம், எல்லையை விரைவாகக் கடக்க அவர் வைத்திருந்த நெக்சஸ் அட்டை பறிபோனது. மாதத்தில் பாதி நாள் பஃபலோவுக்கு வேலைக்காகப் போய்வருகிறவருக்கு அது வயிற்றில் அடித்ததுதான். பொய் சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். எல்லைக்குப் பக்கத்து ஊர்களான நயாகரா, வின்ட்சர், சார்னியா போன்றவற்றுக்கு உலாத்தப் போகும் நாளில் பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே புத்தி. அப்படித் தவறிப் பாலம் ஏறித் திரும்பி வந்தாலும், கனடாப் பக்க அதிகாரியிடம் கையில் இருப்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். அறிவிக்காமல் விடுவது தனிக் குற்றம்.

பொருளே கையில் இல்லாமல் அமெரிக்கா போகும்போதும் சில சமயம் கேள்வி வரும்: "நீங்கள் எப்போதாவது கஞ்சா பாவித்திருக்கிறீர்களா?" அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு, ஆம் என்ற பதிலே நுழைவு மறுக்கப்படக் காரணமாகலாம். கனடாவில் அது சட்டபூர்வம் என்பது அந்த மேசையில் உதவாது. சட்டத்தரணிகள் சொல்லித் தருவது இது: பொய் சொல்லக்கூடாது, பதில் சொல்ல விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம், அன்றைக்குத் திருப்பி அனுப்பப்படலாம், அவ்வளவே. ஒரு பொய், வாழ்நாள் தடையாக மாறக்கூடியது. தொலைபேசியைச் சோதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கஞ்சாக் கடைக்கு முன் நின்று எடுத்த படங்களைப் பற்றி இளைஞர்கள் யோசிக்கட்டும்.

எங்களில் இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் பலர் உண்டு. நிரந்தரவதிவிட அட்டைக்காரர்கள், படிக்க வந்தவர்கள், அகதிக் கோரிக்கையோடு இருப்பவர்கள். இவர்களிடம் நான் மென்மையாகப் பேசுவதில்லை. உச்ச தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பானால், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றம் என்ற வகையில் சேர்க்கிறது. எல்லை கடத்தலுக்கு 14 ஆண்டு. போதையில் வாகனம் ஓட்டுவதற்கும் 2018 டிசம்பர் முதல் 10 ஆண்டு. சிறைக்கே போகாமல் அபராதத்தோடு வழக்கு முடிந்தாலும் வதிவிட உரிமை ஆட்டம் காணலாம். கனடியக் குடியுரிமையுள்ள நண்பனுக்கு அபராதத்தோடு போவது, அதே காரில் இருந்த மாணவனுக்கு நாடு கடத்தலாக முடியலாம். பொருள் யாருடையது என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாக்கிக்கொள்வது வீண் சந்தேகம் ஆகாது.

இவ்வளவும் கனடாவுக்குள். ஊருக்குப் போகும்போது நான் எண்ணெயைத் தொடுவதே இல்லை. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாட்களில் தூக்கம் குறைவுதான், சமாளிக்கிறேன். இலங்கையில் கஞ்சாவைத் தடைசெய்யும் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆயுர்வேதத்துக்கு உள்ளூரில் உள்ள ஏற்பாடு பயணிக்குப் பொருந்தாது. பேங்கொக்கிலிருந்து பெட்டி பெட்டியாக 'குஷ்' என்ற வீரியம் கூடிய கஞ்சாவைக் கொண்டுவந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டவர்களைப் பற்றி 2025இல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அந்தச் சூழலில் ஒரு சின்னப் புட்டியோடு நின்று கனடா வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தை நீட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். சென்னைக்குப் போனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். இடையில் துபாயிலோ டோஹாவிலோ விமானம் மாறினால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

சிங்கப்பூர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எங்கள் ஆட்கள் அவ்வழியாகவும் போகிறார்கள். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரணதண்டனை. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அதோடு, சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பாவித்தாலும் அங்கே குற்றம்தான். அங்கிருந்து கோடை விடுமுறைக்கு வந்த என் பெரியம்மாவின் பேரன், எங்கள் வீட்டுச் சமையலறை அலுமாரியில் புட்டியைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பயல் சரியாகத்தான் வளர்க்கப்பட்டிருக்கிறான்.

தாங்கள் கஞ்சா பாவிப்பதாகவே நினைக்காதவர்களும் மாட்டிக்கொள்ளலாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. என்ற பொருள் கலந்த, முழங்கால் வலிக்கு மாமிமார் பூசும் களிம்பு, பேரப்பிள்ளை வாங்கித் தந்த சி.பி.டி. துளிகள். அதில் போதை இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், உண்மைதான். ஆனால் கனடாவின் சட்டப்படி சி.பி.டி.யும் கஞ்சாப் பொருளே, எல்லை தாண்டக்கூடாது. என் மாமியார் யாழ்ப்பாணம் புறப்பட்டபோது பெட்டி அடுக்கியது நான். தைலங்கள் வைத்த பைக்குள்ளிருந்து அந்தக் களிம்பை எடுத்து வெளியே வைத்தேன். "உது மருந்துதானே தம்பி" என்று மல்லுக்கு நின்றார். அங்கே போய் சித்தாலேப பூசுங்கோ மாமி என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாடு போனாலும் பெட்டியை மூடுவதற்கு முன் மகள் ஒரு முறை கிண்டிப் பார்க்கிறாள்: தைலப் பை, மருந்துப் பை, குளிர் அங்கியின் உள்பைகள். போன குளிர்காலத்து மிட்டாய் ஒன்று அங்கியின் பைக்குள் கிடந்து, அதே அங்கியோடு விமானம் ஏறுவது நடக்கக்கூடிய விஷயம்.

இப்போது வீட்டில் அலாஸ்கா கப்பல் பயணம் பற்றிப் பேச்சு நடக்கிறது. மனைவியின் சகோதரிகள் எல்லாரும் சேர்ந்து போகத் திட்டம். வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்குவதால், "உள்நாட்டுப் பயணம் மாதிரித்தானே, எண்ணெயைக் கொண்டுவாங்கோ அத்தான்" என்கிறார்கள். கப்பல் நிற்பது ஜூனோவிலும் கெச்சிகனிலும், அது அமெரிக்கா. கப்பல் நிறுவனங்களும் மருத்துவக் கஞ்சாவைக்கூட ஏற்றுவதில்லை. ஆகவே என் புட்டி வன்கூவரில் மகளின் அறையில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், நான் மாத்திரையோடு கப்பலில் இருப்பேன். வைத்தியரிடம் அடுத்த மாதம் நேரம் கேட்டிருக்கிறேன். மாத்திரை ஒத்துவராவிட்டால் சகோதரிகள் போய்வரட்டும், நான் மகளோடு தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கப்பலில் அறை பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் அது தெரிந்துவிடவேண்டும்.